சக்கரம் பார்க்கிறவள்

1910 ஜனவரி 11

மோட்டார் தொழிற்சாலையில் சக்கரம் பார்க்கும் பெண்மணிக்கு,

வணக்கம். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. சோதனை வண்டி ஓட்டுகிறவரின் மனைவி எழுதுகிறேன். நீங்கள் இப்போது உட்காரும் இடப்பக்க இருக்கையில் உங்களுக்கு முன் உட்கார்ந்தவள் நான்தான். பிரசவத்துக்காக வேலையை விட்டு என் அக்கா வீட்டுக்கு வந்தேன். பெண் குழந்தை. இப்போதுதான் குப்புறக் கவிழக் கற்றிருக்கிறாள்.

எழுதக் காரணம் ஒரு திண்டு. அந்த இருக்கையில் பச்சைத் துணி போட்ட திண்டு ஒன்று கிடக்கும். அது தொழிற்சாலைச் சொத்து அல்ல. சக்கரம் பார்க்க வருவதற்கு முன் நான் இருக்கைத் துணி தைக்கும் பிரிவில் இருந்தேன். என் இடுப்புக்கு ஏற்றபடி நானே அளந்து தைத்தது. அதை அனுப்பிவையுங்கள். தூசிக்குப் போடும் நீளச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கும். அதுவும் என்னுடையதுதான். வேறு யார் போட்டாலும் தோள் இறங்கி அசிங்கமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். அவர் எனக்கு எழுதும் கடிதங்களில் நீங்கள் வராத கடிதம் இல்லை. "புதுசா வந்தவ நல்லாப் பாக்கறா" என்று எழுதுகிறார். எதை நன்றாகப் பார்க்கிறீர்கள் என்று எழுதுவதில்லை.

இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் தோளில் தட்டிச் சொல்லும் முறையை ஏற்படுத்தியவள் நான். முன் சக்கரம் ஆடினால் ஒரு தட்டு. ஸ்பிரிங் பட்டை அழுந்திப் போய் அடியில் இடித்தால் இரண்டு தட்டு. உடனே நிறுத்த வேண்டுமானால் தோளைப் பிடித்து அழுத்துவது. இதையேதான் நீங்களும் செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த முறையை ஏற்படுத்தியபோது எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தட்டித் தட்டித்தான் ஆயிற்று. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் வேறு வழி பாருங்கள். ஒரு மணி வைத்துக்கொள்ளலாமே.

இப்படிக்கு,
ஓட்டுநரின் மனைவி


1910 ஜனவரி 17

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திண்டும் சட்டையும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. திண்டின் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. நான் கடிக்கவில்லை. சட்டை எனக்குத் தோளில் இறங்கவில்லை, இறுக்கிப் பிடித்தது. முழங்கைப் பக்கம் ஒரு தையல் விட்டுப்போனது என்னால்தான். தைத்திருக்கிறேன். உங்கள் தையல் அளவுக்கு இருக்காது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வரைபடப் பிரிவில் படங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தவள். நீங்கள் போன பிறகு அந்த இருக்கையில் ஆண்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பார்க்காமல் பாதையையே பார்த்தார்களாம். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அறிக்கை கொடுத்தாராம். முதலாளி எங்கள் பிரிவுக்கு வந்து, "உசுருக்குப் பயப்படாத ஆளு யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். எனக்கும் உயிர்ப்பயம் உண்டு. ஆனால் காலம் முழுவதும் அடுத்தவர் போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நீங்கள் சொன்னபடி மணி வாங்கிக் கட்டினேன். கல் பாதையில் போனோம். கல் பாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆட்டாமலே மணி ஆடியது. ஓட்டுநர் ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி, "என்ன? எதுக்கு அடிச்ச?" என்று கேட்டார். வழியில் ஒரு பெரியவர் தபால் வண்டி என்று நினைத்துக் கையில் கடிதத்தோடு பின்னால் ஓடி வந்தார். அவரிடம் விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் அன்றைய சோதனை நேரம் போய்விட்டது.

மணியைக் கழற்றிவிட்டேன். வேறு ஏதாவது யோசனை இருந்தால் எழுதுங்கள். அதுவரை தோளில்தான் தட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு விரலால் மட்டுமே தட்டுகிறேன். நடுவில் தடித்த கம்பளிக் கோட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
சக்கரம் பார்க்கிறவள்


1910 ஜனவரி 22

தொழிற்சாலைப் பெண்மணிக்கு,

திண்டு கிடைத்தது. எலியை நம்புகிறேன்.

என்னை அக்கா என்று எழுத வேண்டாம். ஒருவனைச் சுற்றி இரண்டு பெண்கள் அக்கா, தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டால் அது எந்த மாதிரி வீடு என்று ஊருக்கே தெரியும். கூடப்பிறந்த அக்கா ஒருத்தி எனக்கு இங்கே இருக்கிறாள். அவளைச் சமாளிப்பதே பெரும்பாடு. நேற்றுகூட, "கட்டினவன அங்க விட்டுட்டு வந்து, அவன் பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்குக் கடுதாசி எழுதறியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

தோளில் இரண்டு விரலால் தட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு விரலால்தான் ஆரம்பித்தேன். வரைபடப் பிரிவில் நீளமான மர அளவுகோல் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் முனையால் தட்டினால் போதும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்தான், தாங்குவார்.

சில கேள்விகள். கையுறை போட்ட பிறகு தூசிக் கண்ணாடியின் பட்டையைத் தலைக்குப் பின்னால் அவரால் கட்ட முடியாது. அதை இப்போது கட்டிவிடுவது யார்? ஸ்டியரிங் லேசாக இருந்தால் அவர் விசில் அடிப்பார், மெட்டு இல்லாத விசில். அது உங்களுக்குக் கேட்கிறதா? இன்ஜின் சத்தத்தில் அது கேட்க வேண்டுமானால் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இது பொறாமைதான். மூடி மறைத்து எழுத எனக்கு வராது. இங்கே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன், இந்நேரம் வண்டி கல் பாதையில் இறங்கியிருக்கும் என்று நினைப்பு ஓடும். அந்த இருக்கையில் சாய்ந்து வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்ப்பவள் நானாக இல்லையே என்று வயிறு எரிகிறது. அவர் பக்கத்தில் இன்னொருத்தி என்பது ஒரு எரிச்சல். என் வேலையை இன்னொருத்தி செய்கிறாள் என்பது இன்னொரு எரிச்சல். எது பெரியது என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை. குழந்தையின் தொட்டில் ஒரு பக்கமாக ஆடுகிறது என்று நேற்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ஓட்டுநரின் மனைவி


1910 பிப்ரவரி 2

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

அக்கா வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது இதுதான். இதற்கும் கோபம் வந்தால் நான் என்ன செய்ய.

கண்ணாடிப் பட்டையைக் கட்டிவிடுவது மேஸ்திரி. அவருக்குத் தொழிற்சாலையில் கொக்கு என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கட்டும்போது ஓட்டுநர் வலியில் கத்துவார். உங்களுக்குத் திருப்திதானே.

அளவுகோல் வேலை செய்கிறது. முதல் நாள் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "என்ன, வாத்தியாரம்மா ஆயிட்டியா?" என்றார். கையில் மசி இருக்கிறது, கோட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். உங்களுக்காகச் சொன்ன பொய். இப்போது தொழிற்சாலையில் எல்லாரும் என்னை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் மனதில் இருப்பதைச் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். நான் எதைக் கண்டு சொன்னாலும் ஓட்டுநர், "அவளா இருந்தா இத நேத்தே சொல்லிருப்பா" என்கிறார். ஸ்பிரிங் பட்டையில் கீறல் இருக்கிறது என்றேன். "அவ சத்தத்த வச்சே சொல்லிடுவா" என்றார். உங்களிடம் என்னைப் புகழ்ந்து எழுதுகிறார் என்கிறீர்கள். என்னிடம் உங்களைத்தான் புகழ்கிறார். இரண்டு பக்கமும் கொளுத்திப் போட்டுவிட்டு நிம்மதியாக விசில் அடிக்கிறார். உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் தினமும் உங்கள் கண்ணோடு போட்டி போட்டுத் தோற்றுவிட்டு வீடு திரும்புகிறேன். உங்களுக்கு என் மேல் இருக்கும் பொறாமைக்கு எனக்கு உங்கள் மேல் இருப்பது கொஞ்சமும் குறைந்ததல்ல.

விசிலைப் பற்றி. பழைய வண்டிகளில் அடிக்கிறார். இப்போது வந்திருக்கும் புது வண்டியில் இன்னும் அடிக்கவில்லை. அதில் ஒரு கோளாறு. இந்த வண்டிக்கு நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறார்கள். பட்டையை ஓயாமல் குத்திச் சோதிக்கும் இயந்திரத்துக்கு எல்லாரும் மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவள் குத்திப் பார்த்தாள், பட்டை அசையவில்லை. ஸ்டியரிங் கம்பியில் எடை தொங்கவிட்டோம், சம்மட்டியால் அடித்தோம், வளையவில்லை. சோதனை மேடையில் எல்லாம் சரி. பாதையில் இறங்கி ஒரு மேட்டில் ஏறினால் மட்டும் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது. முன் சக்கரத்தையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறேன். சக்கரம் திரும்புவது தெரிகிறது. எது திருப்புகிறது என்று தெரியவில்லை. ஓட்டுநர், "நான் திருப்பலை" என்கிறார். கொக்கு, "பின்ன பேயா திருப்புது?" என்கிறார்.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சக்கரம் பார்க்கிறவள்


1910 பிப்ரவரி 8

தொழிற்சாலைப் பெண்மணிக்கு,

அம்மா என்று எழுதி என் வயதைக் கூட்ட வேண்டாம். பெயரே இல்லாமல் எழுதுங்கள், போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். "அவளா இருந்தா" என்று சொன்னாரா? எனக்கு ஒரு வரி அப்படி எழுதியதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அக்கா, "என்னடி, புதையல் கெடச்ச மாதிரி இளிக்கற?" என்றாள். பொய்க்கும் நன்றி. வாத்தியாரம்மா என்ற பெயர் உங்களுக்குப் பொருந்துகிறது.

இனி புது வண்டி விஷயம். எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. பழைய வண்டி ஒன்றில் இதே கோளாறு கொஞ்சமாக இருந்தது. மேடையில் குத்தினாலும் அடித்தாலும் அது வெளியே வராது. சக்கரத்தை எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. அதை ஒரே ஒரு விதத்தில்தான் பார்க்க முடியும். அந்த விதத்தை நான் கண்டுபிடித்தது அந்த இருக்கையில் உட்கார்ந்து. அது என்னுடையது.

சொல்ல மாட்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் முதலாளியிடம் போய்ச் சொல்வீர்கள். உங்களுக்கு நல்ல பெயர் வரும். அதோடு போனால் பரவாயில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திட்டினால் திட்டுங்கள்.

இன்னும் சில மாதத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரை அந்த வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நானே வந்து பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டுநரின் மனைவி


1910 பிப்ரவரி 13

ஓட்டுநரின் மனைவிக்கு,

மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று ஓட்டுநர் வேறு வண்டியில் இருந்ததால் புது வண்டியைக் கொக்கு எடுத்தார். நான் பக்கத்தில் இல்லை, என் எடைக்குப் பதிலாக வைத்த மணல் மூட்டைதான் இருந்தது. சாமான் கிடங்கின் ஓரமாக இருக்கும் சின்ன மேட்டில் ஏறினார். வண்டி நேராகக் கிடங்குச் சுவருக்குப் போயிற்று. விலா எலும்பு முறிந்திருக்கிறது, தாடை பெயர்ந்துவிட்டது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். பேச முடியாமல் கையால் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலக் காட்டி, இல்லை இல்லை என்று தலையாட்டினார். தான் திருப்பவில்லை என்று சொல்கிறார். பேயைப் பற்றிப் பேசியவர் அவர்தான்.

முதலாளி இதை மேஸ்திரியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார். வண்டிக்கு முன் விளக்கு மட்டும்தான் உடைந்தது. பழுது பார்த்து மாத முடிவில் மலைச் சரிவில் இறக்கிக் காட்டப் போகிறார்கள். வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிறார்களாம். வளைவு வளைவாக இறங்கும் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஓட்டப் போவது உங்கள் வீட்டுக்காரர். "கொக்குக்குக் கை நடுங்கும், எனக்கு நடுங்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பொறாமையை என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் சுமக்கிறேன். அந்த இருக்கை எனக்கு வேண்டாம், இன்றைக்கே கேட்டாலும் எழுந்துவிடுகிறேன். ஆனால் ஒரே வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். நான் இடப்பக்கம் விழுந்தால் ஓட்டுநர் வலப்பக்கம் விழுவார். உங்கள் மகள் இன்னும் அப்பா என்று சொல்லக்கூடக் கற்றிருக்க மாட்டாள்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் சரிவில் நான் பக்கத்தில் உட்காரத்தான் போகிறேன். என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிக்கு,
சக்கரம் பார்க்கிறவள்


1910 பிப்ரவரி 16

தங்கச்சிக்கு,

தந்தி கொடுக்கப் போனேன். இது தந்தியில் அடங்காது. தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். குழந்தை அக்காவின் இடுப்பில் கத்துகிறது.

சக்கரத்தைப் பார்க்காதே. அவர் கையைப் பார்.

கல்யாணத்துக்கு முன் ஒரு நாள், சக்கரத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. வலது சக்கரம் ஒரு மேட்டில் ஏறியது. ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவர் கட்டை விரல் தானாகக் கொஞ்சம் நகர்ந்தது. உடனே பழைய இடத்துக்கு வந்தது. அவர் திருப்பவில்லை. வண்டி திருப்பியது, அவர் கை திருத்தியது. ஓட்டி ஓட்டிப் பழகிய கை என்பதால் அவருக்கே தெரியாமல் நடந்தது. கொக்கின் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

காரணம் வலப்பக்கம் இருக்கிறது. உன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஸ்டியரிங் கம்பி சக்கரத்தைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டையை முன்னால் கட்டியிருக்கிறார்கள். சக்கரம் மேலே ஏறும்போது ஒன்று முன்னால் இழுக்கிறது, ஒன்று பின்னால் தள்ளுகிறது. புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் இழுக்கிற குடும்பம் மாதிரி, நடுவில் இருப்பது திரும்பிப் போகிறது. பழைய வண்டியில் பட்டை முரடு, அதனால் சக்கரம் அதிகம் ஏறாது, கோளாறும் கொஞ்சம்தான். உங்கள் புது வண்டியில் மெத்தென்ற பட்டை. அதிகம் ஏறும், அதிகம் திருப்பும். பட்டையை முன்னால் கட்டாமல் பின்னால் கட்டச் சொல். கம்பியும் பட்டையும் ஒரே பக்கத்திலிருந்து பிடித்தால் சண்டை வராது.

அப்போதே அவரிடம் சொன்னேன். "ஓ, வேலை நேரத்துல அம்மா என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தொழிற்சாலையே சிரித்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவருக்கும் ஒரு கடிதம் போடுகிறேன். நம்ப மாட்டார். "நான் திருப்பலை" என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. முதலாளியும் வாய் வார்த்தைக்காகப் பட்டையைக் கழற்ற மாட்டார். அதனால் நீ பார்க்க வேண்டும். எந்த மேட்டில் எவ்வளவு நகர்கிறது என்று தினமும் பார். மற்றவர்களுக்குக் காட்டும் அளவுக்குப் பார்.

அளவுகோலைத் தூக்கி எறி. சரிவில் இறங்க நேர்ந்தால் கையாலேயே தட்டு. தோளைப் பிடிக்க வேண்டியிருந்தால் பிடி.

எரிச்சல் எல்லாம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் கையைப் பார் என்று இன்னொருத்திக்கு என் கையாலேயே எழுதுகிறேன். அந்தக் கையைப் பார்த்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? போய்ப் பார்.

அக்கா


1910 மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீங்களே அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இனி மாற்ற முடியாது.

முதலில் நல்ல செய்தி. அவர் நலம், நானும் நலம். பட்டையை மாற்றிக் கட்டிவிட்டார்கள். சரிவில் இறங்கினோம், ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் எல்லாம். முதல் நாளே கட்டை விரல் நகர்வதைப் பார்த்துவிட்டேன். வாயில் கை வைத்துக்கொண்டேன், அவ்வளவு தெளிவாக இருந்தது. அவரிடம் சொன்னேன். "ஒனக்கும் இந்த வியாதி தொத்திக்கிச்சா?" என்று சிரித்தார். உங்கள் கடிதமும் அன்றுதான் அவருக்கு வந்திருக்கிறது. அதற்கும் சிரித்தாராம். ஆனாலும் மறுநாள் காலை வண்டியில் ஏறும்போது அவரே, "சரி, பாரு. எனக்குத் தெரியாம என் கை என்னதான் பண்ணுதுன்னு பாரு" என்றார்.

பல நாள் பார்த்தேன். பிறகு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டியரிங் வட்டத்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். அதற்கு நேராக, முன் பலகையில் இன்னொரு கோடு. முதலாளியைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு கல் பாதையில் போனோம். முதல் சில மேடுகளில் முதலாளி பிடியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மேட்டிலும் மேல் கோடு கீழ்க் கோட்டை விட்டு விலகித் திரும்பி வந்தது. இறங்கியதும், "பட்டையக் கழட்டுங்கடா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கொக்கிடம் மன்னிப்புக் கேட்டார். கொக்கால் பேச முடியாதது நல்லதாகப் போயிற்று.

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, முன்பு இந்த இருக்கையில் இருந்தவர் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிக்கொண்டு கையுறையைத் தேடினார். கையுறை கையில்தான் இருந்தது. "அந்தம்மா எப்ப வந்தாலும் எடம் அவங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. அதனால் வாருங்கள்.

சரிவில் அவர் விசில் அடித்தார். கடைசி வளைவு வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தார்.

இப்படிக்கு,
சக்கரம் பார்க்கிறவள்


1910 மார்ச் 9

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் குழந்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்காவும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "பரவால்லடி, நல்ல பொண்ணுதான்" என்றாள். அவள் யாரையும் நல்ல பெண் என்று சொல்லி நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்து. நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. என் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போகும். ஆனாலும் நன்றி.

அப்புறம் தனியாக உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இதுவரை நீ எழுதிய கடிதங்களில் எல்லாம் ஓட்டுநர், ஓட்டுநர் என்றுதான் இருந்தது. இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அவர், அவர். அவர் நலம் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதுகிறாய், யார் என்றுகூடச் சொல்லாமல். ஒரு மரியாதைக்கு எழுதியிருக்கலாம். பல நாள் பழகியதால் வந்திருக்கலாம். எனக்கு வீண் சந்தேகம் என்று நீ எழுதினால் நம்பிவிடுகிறேன். சத்தியமாக நம்புகிறேன், ஏனென்றால் நீ எனக்காகப் பொய் சொன்னதையும் நீயே எழுதியவள்.

ஒன்றுதான் கேட்கிறேன். அவர் கையைப் பார்க்கச் சொன்னது நான். கோளாறு தீர்ந்தாயிற்று. பார்ப்பதை நிறுத்திவிட்டாய்தானே?

அடுத்த மாதம் குழந்தையோடு வருகிறேன். அக்காவும் கூட வந்து கொஞ்ச நாள் இருப்பாள், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். வந்ததும் நாம் நேரில் பார்க்க வேண்டும். உன் முகம் எப்படி இருக்கும் என்று தினம் ஒரு விதமாக நினைத்துக்கொள்கிறேன். எல்லா நாளும் அழகாகத்தான் வருகிறது. அதுவும் பிடிக்கவில்லை.

அக்கா


1910 மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நீங்கள் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். தூரத்தில் இன்னொரு மோட்டார் தொழிற்சாலையில் சக்கரம் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, வரச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை கிளம்புகிறேன். முகவரி எழுதவில்லை. நாம் நேரில் பார்க்காமலே இருந்துவிடலாம். நீங்கள் நினைத்துவைத்திருக்கும் அளவுக்கு என் முகம் அழகில்லை. அந்த ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் போய்விடலாம் என்று இருந்தேன். வீண் சந்தேகம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நம்புகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நம்புகிறேன் என்று சொன்னவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

பட்டையை மாற்றிக் கட்டிய மறுநாள், சரிவில் இறங்குவதற்கு முன், அதே கல் பாதையில் போய் வந்தோம். நான் வழக்கம்போல அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மேடு வந்தது. விரல் நகரவில்லை. அடுத்த மேட்டிலும் நகரவில்லை. பெரிய குழி ஒன்று இருக்குமே, அதில் இறங்கி ஏறியபோதும் நகரவில்லை. கோளாறு தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. இனி சக்கரத்தைப் பார்க்க வேண்டும், அதுதானே என் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதை முடியும் வரை நான் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை.

பார்க்கச் சொன்னது நீங்கள் என்பதால் பழியை உங்கள் மேல் போடவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் மலைச் சரிவுக்குக் கீழே கிடந்திருப்போம். முன்பு உங்கள் மேல் பொறாமை என்று எழுதினேன். அப்போது உங்கள் கண்ணின் கூர்மை மேல் பொறாமை. இப்போதும் பொறாமைதான், அக்கா, ஆனால் எதற்கு என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

அவருக்கு எதுவும் தெரியாது. இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அன்று வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "இத அவளுக்கு இன்னிக்கே எழுதணும்" என்றார். எழுதுங்கள் என்றேன். அவர் கடிதம் எழுதக் காகிதம் தேடிக்கொண்டு உள்ளே போனார். நான் கையைக் கழுவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போய், வேறு ஊரில் வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

குழந்தைக்கு என் அன்பு. பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை